பேச்சு பதினெட்டு

எங்கள் மலையில் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால், புருஷன் அவளுடைய ஊருக்குப் போய்க் கூட்டத்தில் நின்று, தன் வாயால் கேட்டுத்தான் அழைத்து வர வேண்டும். அவனுக்காக அண்ணன் பேசக் கூடாது, தாய்மாமன் பேசக் கூடாது. இரண்டு கூட்டம் வரை ஊர் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது கூட்டத்திலும் அவன் வாய் திறக்காமல் நின்றால், வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு உறவைத் தீர்த்துவிடுவார்கள். பேசாமல் நிற்பதும் ஒரு பதில்தான் என்பது எங்கள் ஊர்களின் முடிவு.

முதல் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம். கார்த்திகை மாதம் முடியப் போகும் நேரம். என் மனைவியின் ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த மலையில் இருந்தது. கோயிலுக்கு முன்னால் உள்ள அகலப் பாறையில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டை நடுவில் வைத்துவிட்டு நின்றேன். அந்த ஊரின் பெரியதனக்காரர் மேல்துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னாப்பா, இன்னாத்துக்கு வந்த? சொல்லு" என்றார்.

நான் நிமிரவில்லை. தட்டில் இருந்த வெற்றிலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது.

"மானம் இருட்டினு வருது. சீக்கிரம் சொல்லுப்பா" என்றார் ஒருவர்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், வாய்க்கொழுப்புக்காரன். "இவருக்கு பதிலா ஒரு எருமையக் கூட்டினு வந்திருந்தா, அதாவது ஒரு தபா கத்தியிருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாறையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பெரியதனக்காரர் வெகு நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். "தை பொறந்து மொத வெள்ளிக்கெழம இன்னொரு தபா உக்காருவோம். அதோட சரி" என்றார்.

கூச்சம் என் கூடவே பிறந்தது. பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பாதை வந்ததும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஆலங்காயம் வரை போய்விட்டுத் திரும்ப மலையேறி நடந்து வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். ஆறாம் வகுப்பு படிக்க மலைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் புதியவர்களிடம் பேர் சொல்ல வேண்டும் என்று பயந்தேன்.

ஆனால் அன்று பாறையில் என் வாயை அடைத்தது கூச்சம் மட்டும் இல்லை. நான் சொல்ல வேண்டியிருந்த விஷயம் அப்படிப்பட்டது.

அந்த ஐப்பசியில் சாமை அறுத்து, அடித்து, குதிரில் கொட்டி வைத்திருந்தோம். பத்து நாள் கழித்து என் அம்மா கையை விட்டுப் பார்த்து, இரண்டு மரக்கால் குறைகிறது என்றாள். வீட்டில் மூன்றே பேர். "தாயூட்டுக்கு மூட்ட கட்டி அனுப்பிட்டா கள்ளி" என்று வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள். என் மனைவி, "நான் எடுக்கல" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தேன். தீட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தச் சாமையை எடுத்தவன் நான்தான். துணியில் கட்டி ஆலங்காயம் சந்தைக்குக் கொண்டுபோய் விலைக்குப் போட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு கதைப் புத்தகம் வாங்கி வந்தேன்.

யாரோ ஒருவர் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்துச் சேர்த்து, நீலத் துணி அட்டை போட்டுத் தைத்து வைத்த புத்தகம் அது. செங்கல் கனம் இருக்கும். முதல் சில பக்கங்கள் இல்லை. அதனால் கதையின் பேரும் தெரியாது, எழுதியவர் பேரும் தெரியாது. நாடிழந்த ஓர் இளவரசன், ஏழு காடு தாண்டி, ஒரு மந்திரவாதியிடம் இருந்து தன் நாட்டை மீட்கப் போகிற கதை. வழியில் ஒரு வேடன், ஒரு வைத்தியச்சி, ஒரு திருடன் என்று ஒவ்வொருவராக அவனோடு சேர்வார்கள். நடுவில் ஒரு பக்கம் முழுக்க வரைபடம் இருந்தது. மலை, ஆறு, குகை, பாலம் எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருக்கும். நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். கடையிலேயே நின்று, விரலை வைத்து அந்த வழியில் போய்ப் பார்த்தேன். பாலம் தாண்டியதும் கடைக்காரர், "வாங்கறியா, இல்ல இங்கியே குடித்தனம் பண்றியா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் சாமையோடு போனேன்.

கல்யாணமான ஓர் ஆண்பிள்ளை வீட்டுச் சாமையைக் கதைப் புத்தகத்துக்குப் போட்டான் என்றால், மலை முழுக்கச் சிரிக்கும் என்று பயந்தேன். புத்தகத்தை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். என் மனைவி அன்று மத்தியானமே தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திருட்டுப் பட்டத்தோடு போனாள். நான் கல்லைக் கழுவி வைத்தேன்.

அப்போது நான் மலைமேல் இருந்த வானம் பார்க்கும் நிலையத்தின் கேண்டீனில் டீ போடவும் பாத்திரம் கழுவவும் இருந்தேன். மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே வேலை இல்லை. வானம் மூடிக்கிடக்கும், தொலைநோக்கி இருக்கும் கூண்டுகளையும் மூடிவிடுவார்கள். படித்தவர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மார்கழியில் காவலாளியைத் தவிர இருந்தவர்கள் கேண்டீன் மாஸ்டர், நான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சார் ஒருவர். சார் மெட்ராஸ்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார்.

மாஸ்டர் என்னை "ஊமையா" என்றுதான் கூப்பிடுவார். "சாருக்கு டீ வச்சிட்டு சும்மா வராத. டீன்னு சொல்லிட்டு வா. ஒரே எழுத்துதான்டா, வாய் வலிக்காது" என்பார். நான் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் மேசை ஓரத்தில் தம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன். மழையிலும் அந்த அறையில் குளிர்மெஷின் ஓடும்.

ஒருநாள் மத்தியானம் நான் தம்ளரை வைக்கும்போது சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "இவன அஞ்சு தடவ கொன்னுட்டேம்பா. மறுபடியும் மறுபடியும் எழுந்து வர்றான்" என்றார்.

அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். "யா… யாரு சார்?" என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"இந்த மந்திரவாதிதான்" என்று சார் திரையைக் காட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். எல்லாம் இங்கிலீஷ். படம் எதுவும் இல்லை. "இது ஒரு வெளையாட்டு. வெளிநாட்டுலேர்ந்து ஃப்ரெண்டு கொண்டாந்தான். நாம ஒரு வீரன். இது நடக்கிறத சொல்லும், நாம என்ன செய்யணும்னு அடிக்கணும்" என்றார். அந்த மந்திரவாதி ஒரு குகையில் இருக்கிறானாம். கத்தியால் குத்தினால் விழுகிறான், உடனே எழுந்து வருகிறான்.

"அவன் உசுரு அவங்கிட்ட இருக்காது சார்" என்றேன்.

சார் நாற்காலியோடு திரும்பினார். "பின்ன?"

"வேற எங்கியாச்சும் வச்சிருப்பான். யாரும் கண்டுக்காத சாமானா இருக்கும். அந்த ரூம்ல இன்னா இன்னா இருக்குது?"

சார் எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். ஒரு சிம்மாசனம், உடைந்த கண்ணாடி, காய்ந்த பூ, எரிகிற விளக்கு.

"குகைய எத்தினி நாளா மூடியிருக்குது சார்?"

"நூறு வருஷமாம்."

"அப்ப வௌக்குக்கு யாரு எண்ண ஊத்தினது?"

அடுப்படியில் இருக்கிறவனுக்கு இதுதான் முதலில் தோன்றும். சார் நாற்காலியோடு திரையின் பக்கம் திரும்பினார். பிறகு இரண்டு வார்த்தை அடித்தார். விளக்கு அணைந்தது. மறுபடி கத்தியை எடுத்துக் குத்தினார். அவன் எழுந்து வரவில்லை. சார் சத்தம் போட்டுக்கொண்டு எழுந்ததில் டீ தம்ளர் கவிழ்ந்தது. "எப்படிப்பா தெரியும் உனக்கு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கதைல படிச்சேன் சார்" என்றேன். புத்தகத்தைப் பற்றி நான் வெளியாளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஆட்டத்தை முதலில் இருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை என்னையும் ஆடச் சொன்னார். ஒரு வீரனாகத் தனியாகவும் போகலாம், நாலு பேராகச் சேர்ந்தும் போகலாம். ஒரு வீரன், ஒரு மந்திரக்காரன், ஒரு வைத்தியர், ஒரு திருடன். அதைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. என் நீலப் புத்தகத்தில் வழியில் சேர்ந்தவர்கள் இங்கே வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் பலம், அறிவு, கைவேகம், பேச்சு என்று கம்ப்யூட்டர் எண் போட்டுக் கொடுத்தது. தாயம் உருட்டுகிற மாதிரி, மூன்றில் இருந்து பதினெட்டு வரை எது வேண்டுமானாலும் விழும். சார் பொத்தானைத் தட்டினார். எனக்குப் பலம் ஆறு. அறிவு பதினொன்று. பேச்சு பதினெட்டு.

"பேச்சு பதினெட்டா!" என்று சார் கைதட்டினார். "இதுக்கு மேல எண்ணே கிடையாதுப்பா. இனிமே யாராவது வழியில வந்தா நீதான் பேசணும்."

நான் இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. சார் சொல்லிவிட்டார். மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஊமையனுக்குப் பதினெட்டா? மிஷினுக்குள்ள தண்ணி பூந்துட்டிருக்கும் சார். தொறந்து காய வையுங்க."

மழை விடாமல் பெய்த மூன்று வாரம் தினமும் மத்தியானம் ஆடினோம். சார் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். நான் என்ன செய்யலாம் என்று சொல்வேன். கிணற்றடியில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றேன், அவன் பாலத்தின் ரகசியம் சொன்னான். மூன்று வாளில் பளபளக்கிற வாளை எடுக்கக் கூடாது என்றேன், துருப்பிடித்த வாள்தான் நல்ல வாளாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் சார் ஆச்சரியப்படுவார்.

நான் ஒருநாள் கேட்டேன். "சார், இத செஞ்சவரு என் புஸ்தகத்த படிச்சிருப்பாரா?"

சார் சிரிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார். அவர் காலேஜில் படித்தபோது இங்கிலீஷில் பெரிய பெரிய மாயக் கதைகள் படித்தாராம். அதிலும் முன்பக்கத்தில் வரைபடம் இருக்குமாம், அதிலும் சின்னக் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்புவார்களாம். "அந்த மாதிரி கதைய படிச்ச பசங்களுக்கு, படிச்சு முடிச்சதும் உள்ள போய் நடக்கணும்னு ஆச. மொதல்ல மேசையச் சுத்தி உக்காந்து, கட்டைய உருட்டி, நான் வீரன் நீ திருடன்னு வாயாலயே ஆடினாங்க. அப்புறம் அதயே கம்ப்யூட்டர்ல எழுதிட்டாங்க. உன் புத்தகத்த படிச்சிருக்க மாட்டாங்கப்பா. ஆனா உன்ன மாதிரி படிச்சிருக்காங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். பேப்பர் கடையில் நின்று வரைபடத்தில் விரலை வைத்து நடந்தபோது, அது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துத்தான் கூச்சப்பட்டேன். எங்கேயோ கடல் தாண்டி அதே மாதிரி விரலை வைத்து நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது எனக்குப் பெரிய தைரியம். பேர் தெரியாத அந்தத் தொடர்கதைக்காரருக்கும், வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்தவருக்கும், அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது.

கதைக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசமும் இருந்தது. என் இளவரசன் ஏழு காடு நடந்தும் ஒரு வேளை சாப்பிட்டதாகப் புத்தகத்தில் இல்லை. ஆட்டத்தில் ரொட்டி எத்தனை, தண்ணீர்ப் பை எத்தனை என்று பார்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்டில் மயங்கி விழுவோம். கேண்டீன்காரனாக அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் உண்டு. அதுதான் என்னை மிகவும் பாதித்தது. கதையில் இளவரசன் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றால், நான் பக்கத்தைப் புரட்டினால் போதும், அவன் பேசிவிடுவான். ஆட்டத்தில் பக்கம் புரளாது. ஒரு கோட்டை வாசலில் காவல்காரன், "நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டான். "பதினெட்டு, பேசு" என்றார் சார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவருக்கு ஆபீசில் போன் வந்திருக்கிறது என்று காவலாளி வந்து கூப்பிட்டான். சார் போய்விட்டார்.

நான் திரைக்கு எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கேள்விக்குக் கீழே ஒரு சின்னப் பச்சைக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இருக்கும். கோட்டைக் காவல்காரன் எழுந்து போகவில்லை. எருமை என்று சொல்லவில்லை. நான் பேசாததைப் பதிலாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தான், அவ்வளவுதான். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு அவ்வளவு நேரம் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சார் திரும்பி வந்தபோது நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நீளமான பதில். என் புத்தகத்தில் வருகிற மாதிரியே சொன்னேன். "மாட்சிமை பொருந்திய கோட்டைக் காவலரே, நெடுந்தூரம் கடந்து தங்கள் வாயிலை நாடி வந்திருக்கும் எளியோம் யாம்…"

சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அய்யோ, இதுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல புரியாதுப்பா" என்று சொல்லி, "நண்பர்கள், உதவி" என்று இரண்டு வார்த்தை அடித்தார். கதவு திறந்தது.

"புத்தகத்த ஒருநாள் கொண்டு வாயேன், பாக்கலாம்" என்று கேட்டதால் கொண்டு போனேன். சார் மெதுவாகப் புரட்டி, வரைபடத்தில் நின்று, "எங்க வாங்கின? என்ன குடுத்த?" என்றார்.

"ரெண்டு மரக்கா சாமை சார்" என்றேன். பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை. அம்மா சொன்னது, அவள் ஒரே தடவை மறுத்தது, அரிவாள் தீட்டியது, பாறையில் நின்றது, தை முதல் வெள்ளி எல்லாம் வந்துவிட்டது.

"நீதான் எடுத்தேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

சார் எனக்குப் புத்தி சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு புத்தகத்தை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று அன்று அவர் சொல்லியிருந்தால் நான் கூச்சப்பட்டு மறுநாள் அந்த அறைப் பக்கமே போயிருக்க மாட்டேன். சொல்லாமல் விட்டதற்கு அவருக்கு நன்றி.

தை முதல் வெள்ளி. மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. அம்மா வரவில்லை, மாமியார்க்காரி மருமகள் ஊர்க் கூட்டத்துக்குப் போவது வழக்கம் இல்லை. நான் தனியாக நடந்தேன். மூன்று மணி நேர நடை. வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

பாறையில் போன தடவையை விடக் கூட்டம் அதிகம். எருமைக் கதை பரவியிருக்க வேண்டும். தட்டை வைத்தேன். பெரியதனக்காரர், "சொல்லுப்பா. இதான் கடைசி" என்றார். வாயைத் திறந்தேன். வந்தது.

"மாட்சிமை பொருந்திய பெரியோர்களே! அறியாமையால் இழைத்த பெரும் பிழையை எண்ணி அல்லும் பகலும் வருந்தும் எளியேன், இந்நன்னாளில் தங்கள் திருமுன்…"

உடனே என் மச்சான், "அடப்பாவி! எரும நாடகத்துல சேந்துடுச்சுடா!" என்று கத்தினான். பாறை முழுக்கச் சிரிப்பு. பல் இல்லாத ஒரு கிழவர் இருமி இருமிச் சிரித்தார். பெரியதனக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. ஓடிவிடலாம் என்று காலும் திரும்பியது. பெண்கள் பக்கம் பார்த்தேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். மனப்பாடம் செய்தது முழுக்க மறந்துவிட்டது.

"சாமை எடுத்தது நான்" என்றேன்.

"இன்னாது?" என்றார் பெரியதனக்காரர்.

"எங்கூட்டுச் சாமை. ரெண்டு மரக்கா. அவ எடுக்கல. நான்தான் எடுத்தேன். ஆலங்காயத்துல போட்டுட்டு ஒரு கதப் புஸ்தகம் வாங்கினேன். எங்கம்மா அவள கள்ளின்னாங்க. நான் பேசாம இருந்தேன். அவ வரணும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான். புத்தகத்துக்குச் சிரிப்பார்கள் என்று இரண்டு மாதம் பயந்தேன். புத்தகத்தை யாரும் பொருட்படுத்தவே இல்லை. மச்சான் எழுந்து நின்றிருந்தான். அவன் முகத்தில் கிண்டல் போய்க் கோபம் வந்திருந்தது. "எந்தங்கச்சி ரெண்டு மாசமா ஊருல தல நிமிந்து நடக்கல. தெரிஞ்சே இருந்தியாய்யா நீ?" என்றான்.

"ஆமா" என்றேன்.

பெரியதனக்காரர் அவனைக் கையால் அமர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அவன் கேட்டுட்டான். நீ இன்னா சொல்ற?"

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டமும் பொறுத்திருந்தது. பிறகு சொன்னாள். "வர்றேன். ஆனா வூட்டுக்குள்ள காலு வெக்க மாட்டேன். வாசல்ல நிப்பேன். இங்க சொன்னத அங்க அவங்கம்மாகிட்ட சொல்லட்டும். அதுக்கப்புறம் பாக்கறேன்."

"நாயம்தான்" என்றார் பெரியதனக்காரர். தட்டில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்தார்கள். மச்சான் மட்டும் எடுக்கவில்லை. அவன் என்னோடு சரியாகப் பேச ஒரு வருஷம் ஆனது.

திரும்பும் வழியில் அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில், திரும்பாமலே கேட்டாள். "அந்தப் புஸ்தகத்துல அப்படி இன்னாதான் கீது?"

சொன்னேன். நாடிழந்தது, ஏழு காடு, வேடன், வைத்தியச்சி, திருடன். ஓடை வரை சொன்னேன், ஓடை தாண்டியும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஏழு காடு நடந்தானா? செருப்பு தேயலியா அவனுக்கு?"

"அத எழுதல."

"கூட ஒரு பொம்பள போனா இல்ல, வைத்தியச்சி. அவ இன்னா பேசினா?"

யோசித்துப் பார்த்தேன். எழுநூறு பக்கத்தில் அவள் நாலைந்து இடத்தில்தான் பேசுகிறாள். அதைச் சொன்னேன். "உம்மாதிரி ஆளு எழுதியிருப்பான்" என்றாள்.

எங்கள் வீடு வந்தது. சொன்ன மாதிரியே அவள் வாசலில் நின்றுகொண்டாள். மூட்டையைக்கூட இறக்கவில்லை. அம்மா உள்ளே அவரைக் காய் உரித்துக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சம் மறைந்ததும் நிமிர்ந்து பார்த்து, மறுபடி குனிந்துகொண்டாள்.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது இங்கே ஒருவரிடம் சொல்ல வரவில்லை. அம்மா காயை உரித்துப் பருப்பை முறத்தில் போடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"எம்மா, சாமைய நான்தான் எடுத்தேன்."

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"ஒரு புஸ்தகம் வாங்க. கதப் புஸ்தகம்."

"அன்னிக்கு வாயத் தொறக்கல நீ?"

"தொறக்கல."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வாசலைப் பார்க்காமல், "சரி. உள்ள வரச் சொல்லு. வெயில்ல நிக்கிறா" என்றாள்.

வெளியில் இருந்து குரல் வந்தது. "அத்த, கள்ளின்னு வாயால சொன்னீங்க. ஊரு கேட்டுது. இல்லன்னும் வாயாலயே சொல்லுங்க."

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அவளுக்குத் திட்டத் தெரியும், வேலை சொல்லத் தெரியும். இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. என் ஊமைத்தனம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. நான் அவளுக்காகப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். என் மனைவி வாசலில் இருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. நாங்கள் இரண்டு பேரும் அம்மாவை அவசரப்படுத்தாமல் பொறுத்திருந்தோம். அடுப்பில் இருந்த கட்டை எரிந்து முடிந்து இரண்டாக விழுந்தது.

அம்மா எழுந்தாள். மெதுவாக வாசலுக்குப் போய், வெளியே, வெயிலில், பக்கத்து வீட்டுக்காரிகள் பார்க்கிற இடத்தில் நின்றாள்.

"நீ எடுக்கல" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "எம்மருமக எடுக்கல."

என் மனைவி மூட்டையை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தாள்.